குப்பி, பாமினி, பிடிஎப்: எங்கட படிப்புக் கருவிகளின் சரித்திரம்

கம்பஸ் போன எல்லாருக்கும் குப்பி தெரியும். போகாதவர்களுக்காகச் சொல்கிறோம்: பரீட்சை நெருங்கும்போது, பாடம் விளங்கின ஒருவர் விளங்காத பத்துப் பேரை இருத்தி வைத்துச் சொல்லிக்கொடுப்பதுதான் குப்பி. காசு கிடையாது, வரவுப் பதிவு கிடையாது, லெக்சரரும் கிடையாது. சிங்கள மாணவர்கள் 'குப்பிய' என்பார்கள், நாங்கள் குப்பி என்கிறோம். சொல் வந்தது குப்பி விளக்கிலிருந்து. ஒரு வெற்றுப் போத்தல், மூடியில் ஓட்டை, பழைய துணியில் திரி, உள்ளுக்கு மண்ணெண்ணெய். அந்த ஒரு வெளிச்சத்தைச் சுற்றி இருந்து படித்ததால் அந்தப் பெயர் என்று எங்களுக்கு சீனியர்மார் சொன்னார்கள். அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்மார் சொல்லியிருப்பார்கள்.

இப்போது குப்பி ஸூமில் நடக்கிறது. வட்ஸ்அப்பில் குரல் பதிவாக வருகிறது. டெலிகிராமில் பிடிஎப்பாகக் கிடக்கிறது. பெயர் மட்டும் மாறவில்லை.

'பல்கலைக்கழக மாணவர்களும் டிஜிட்டல் கருவிகளும்' என்று தலைப்புப் போட்டு வருகிற கட்டுரைகள் நிறைய வாசித்துவிட்டோம். ஒரு செயலிப் பட்டியல், நன்மை நாலு, தீமை நாலு, கடைசியில் 'அளவோடு பயன்படுத்துவோம்'. அந்தக் கட்டுரைகளில் கருவி எப்போதும் மேலேயிருந்து வரும், மாணவர் கையை நீட்டி வாங்கிக்கொள்வார். தமிழ்மொழி மூலம் கலைப்பீடத்தில் படிக்கிற எங்கட அனுபவம் அப்படி இல்லை. எங்களிடம் வந்த ஒவ்வொரு கருவியும் தமிழ் தெரியாமல், அல்லது அரைகுறையாய்த் தெரிந்துகொண்டுதான் வந்தது. சம்பளம் வாங்காத யாரோ சிலர் இருந்து அதைத் தமிழுக்குப் பழக்கினார்கள். அந்தப் பழக்கின கதையைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறோம். எங்களுக்குத் தெரிந்த ஊர் காத்தான்குடி என்பதால் கதையும் அங்கேயே சுற்றும்.

தொடக்கம் கணினிக்கு நூறு வருடம் முந்தியது. எங்கட மூத்தம்மாமாரின் அலுமாரிகளில், இன்னும் சில வீடுகளில், அரபுத்தமிழ்க் கிதாபுகள் இருக்கின்றன. பார்த்தால் அரபு, வாசித்தால் தமிழ். அரபில் 'ப' இல்லை, 'ட' இல்லை, 'ண', 'ள', 'ழ' எதுவும் இல்லை. இருக்கிற எழுத்துக்களில் புள்ளிகளைக் கூட்டியும் மாற்றியும் தமிழ் ஒலிகளுக்கு இடம் செய்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றவர்கள் அந்த எழுத்தில்தான் மார்க்க நூல்களை எழுதினார்கள். அந்த நூல்கள் கடல் தாண்டி இலங்கைக் கரையோர ஊர்களுக்கும் வந்தன. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படாத பெண் பிள்ளைகள் குர்ஆன் ஓத அரபு எழுத்துப் படித்திருந்தார்கள். அந்த ஒரு எழுத்தை வைத்தே தமிழ் நூலும் வாசித்தார்கள். கையில் இருக்கிற எழுத்துக்குள் தன் மொழியை ஏற்றிவிடுகிற இந்த வேலையை ஒரு தொழில்நுட்பம் என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் சொல்கிறோம். போனில் ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிற எங்கட தலைமுறையைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் இதையும் ஒருக்கா யோசிக்க வேண்டும்.

பல்கலைக்கழகம் எங்கட பக்கத்துக்கு வந்தது பிந்தித்தான். 1981 மே 31 இரவு யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத் தீ வைக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்கள் எரிந்தன. இரண்டு மாதம் கழித்து, ஓகஸ்ட் 1ஆம் திகதி, வந்தாறுமூலையில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமானது. வடக்கில் ஒரு நூலகம் சாம்பலான அதே வருடத்தில் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகம் புத்தகம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாகியது.

பிறகு 1990. ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடி மீரா ஜும்ஆப் பள்ளியிலும் ஹுஸைனிய்யாப் பள்ளியிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஒரு மாதம் கழித்து, செப்டெம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை வளாகத்தில் அகதிகளாய்த் தங்கியிருந்த தமிழர்களில் 158 பேரை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அவர்கள் திரும்பி வரவில்லை. காத்தான்குடிக்கும் வந்தாறுமூலைக்கும் இடையில் இருப்பது ஒரு பஸ் பயணம்தான். அந்த இரண்டு திகதிகளுக்குப் பிறகு அந்தத் தூரம் எவ்வளவாய் மாறியது என்று கிலோமீற்றரில் சொல்ல முடியாது. யுத்தத்தால் வடக்கிலும் கிழக்கிலும் படிப்பைத் தொடர முடியாமல் நின்ற முஸ்லிம் மாணவர்களுக்காக 1995இல் அட்டாளைச்சேனையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அடுத்த வருடம் அது பல்கலைக்கழகமாகியது. ஒலுவில் வளாகம் அதன் பிறகு எழும்பியது. இன்று எங்களில் சிலர் வடக்கே வந்தாறுமூலைக்குப் போகிறோம், சிலர் தெற்கே ஒலுவிலுக்கு.

படிப்புக் கருவி பற்றின கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். குப்பி என்பது நம்பிக்கையில் ஓடுகிற வண்டி. ஒரு தமிழ் மாணவர் எழுதின நோட்ஸ் ஒரு முஸ்லிம் மாணவரின் கைக்கு வருவதற்கு போட்டோக்கொப்பி மெஷின் மட்டும் போதாது. அந்த வருடங்களில் அந்தப் பாதையில் நோட்ஸ் நகரவில்லை என்பதும் எங்கட கருவிகளின் சரித்திரத்தில் சேர்த்தி.

போட்டோக்கொப்பிக் காலத்தை வேகமாய்க் கடக்கலாம். லெக்சரர் சொல்லச் சொல்ல எழுதுவது, எழுத்து நல்லாயிருக்கிற ஒருவரின் கொப்பியைப் பிடிப்பது, கம்பஸ் வாசல் கடையில் அடிப்பது. கொப்பியின் கொப்பியின் கொப்பி அடித்து கடைசி ஆளுக்கு வரும்போது பாதிப் பக்கம் கறுப்பாய் இருக்கும். அதையும் படித்து பாஸ் பண்ணியிருக்கிறார்கள்.

கதை சுவாரசியமாவது பாமினி வந்த இடத்தில். பாமினி ஒரு எழுத்துரு. எங்கட பக்கம் கல்யாணக் கார்ட், மையித்து அறிவித்தல், வினாத்தாள், பத்திரிகை, ஆய்வுக்கட்டுரை என்று தமிழில் அச்சானதில் பெரும்பங்கு ஒரு காலத்தில் இதில்தான் அடிக்கப்பட்டது. பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை ஒழுங்கை ஒட்டியது என்பதால் ஏற்கனவே தட்டச்சுப் பழகினவர்களுக்கு லேசு.

ஆனால் பாமினி தமிழ் இல்லை. கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கிலம். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே பதிவாகிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளுக்கு மேல் தமிழ்ப் படத்தை ஒட்டிக் காட்டுகிறது பாமினி. எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் ஒட்டின படம் கழன்று ஆங்கிலக் கிறுக்கல் மட்டும் நிற்கும். அதனால்தான் 'எசைன்மன்ட் கொண்டு போறெண்டா பென் டிரைவில பாமினியையும் போட்டுக்கொண்டு போ' என்பது ஒரு காலத்து சீனியர்மாரின் முதல் அறிவுரை. அரபுத்தமிழும் வேறொரு எழுத்தில் ஏறின தமிழ்தான். ஆனால் அதன் புள்ளிகளைப் படித்தவர் யாரும் வாசிக்கலாம். பாமினியில் எழுதினதை மனிதர் வாசிக்கலாம், இயந்திரம் வாசிக்காது. தேடினால் கிடைக்காது, அகர வரிசைப்படுத்த முடியாது, கண் தெரியாத மாணவருக்கு திரை வாசிப்பான் அதைத் தமிழாய்ப் படித்துக் காட்டாது. கடைசியாய்ச் சொன்னதைப் பற்றி யாரும் பெரிதாய்ப் பேசுவதில்லை. எங்கட வகுப்பில் பார்வைக் குறைபாடுள்ள ஒரு நண்பர் இருந்தபடியால்தான் எங்களுக்கே அது உறைத்தது. அவருக்கு யாரும் பாமினி நோட்ஸ் அனுப்பக் கூடாது என்பது எங்கட குழுவின் சட்டம்.

இத்தனைக்கும் மாற்று வழி வந்து நிறைய நாள். 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே தமிழ் இருந்தது. 2000ஆம் ஆண்டு விண்டோஸோடு லதா என்ற யூனிகோட் தமிழ் எழுத்துருவும் வந்துவிட்டது. அப்படியிருந்தும் அதன் பிறகும் பல வருடம் கலைப்பீட ஆய்வுக்கட்டுரைகள் பாமினியில் அடிக்கப்பட்டன. சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போகலாம். உண்மைக் காரணம் டைப்செட்டிங் கடை. சொந்தக் கணினி இல்லாத மாணவர் கையால் எழுதிக் கடையில் கொடுப்பார். கடையில் அடிக்கிற அக்காவின் விரலுக்குத் தெரிந்தது பாமினி. பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு. அந்த விரலை யார் காசு கொடுத்து மாற்றிப் பழக்குவது? யாரும் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில்தான் சம்பளம் வாங்காத ஆட்கள் வருகிறார்கள். புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் சுரதா செய்து இணையத்தில் இலவசமாய்ப் போட்ட எழுத்துரு மாற்றியை எங்கட பக்கத்தில் தெரியாத ஆள் குறைவு. ஒரு பெட்டியில் பாமினியை ஒட்டினால் மற்றப் பெட்டியில் யூனிகோட் வரும். அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு பெட்டிக்கு நடுவால் எத்தனை ஆய்வுக்கட்டுரைகள், எத்தனை பத்திரிகைக் கட்டுரைகள் கடந்து போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பெரிய கம்பனிகள் யாருக்கும் தேவைப்படாத கருவி அது. பாமினியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டுந்தான் தேவை.

அதற்கு முன்னமே 1998 தைப்பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த விஞ்ஞானி கு. கல்யாணசுந்தரம் முன்னின்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். வெவ்வேறு நாடுகளில் இருந்த தமிழர்கள் ஆளுக்கொரு நூலாய்த் தட்டி அனுப்பினார்கள். சங்க இலக்கியப் பாடத்துக்கு நாங்கள் இன்றைக்குத் தேடிப் பிடிக்கிற மூல பாடங்கள் பல அப்படி யாரோ வேலை முடிந்து வந்து இரவில் தட்டினவை. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியபோது அதைத் தனியாளாய்க் கட்டத் தொடங்கினவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த இ. மயூரநாதன். 2005இல் நூலகம் திட்டம் வந்தது. இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் வருடி, யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று போட்டார்கள். அதில் முஸ்லிம் ஆவணகம் என்று ஒரு வாசலும் இருக்கிறது. 1981இல் எரிந்ததற்குப் பிறகு, ஒரே இடத்தில் ஒரே பிரதியாய் வைக்கக் கூடாது என்பது எங்கட சமூகங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லாத பாடம்.

இவர்கள் யாரும் எங்கட பல்கலைக்கழகங்களில் பாடத்திட்டக் குழுவில் இருந்து இதைச் செய்யவில்லை. குப்பி எடுக்கிறவரின் வேலையைத்தான் உலக அளவில் செய்தார்கள்.

போன் காலத்துக்கு வருவோம். 2010ஐ அண்டின வருடங்களில் கையில் இருந்த மலிவு போன்களில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாய் வரும். அதற்கு ஒரு தந்திரம் இருந்தது. ஒபேரா மினி உலாவியில் ஒரு மறைவான அமைப்புப் பக்கம். அதில் ஒரு தெரிவை மாற்றிவிட்டால் தமிழ் எழுத்தைப் படமாக்கி அனுப்பும். எங்கட அண்ணன்மார், ராத்தாமார் இதை ஒருவருக்கொருவர் வாய்வழியாய்க் கடத்தினார்கள். மற்றப் பக்கத்தில் டொங்கிள் வந்தது. ஒரு போர்டிங் அறைக்கு ஒரு டொங்கிள், ஆறு பேர், மாதக் கடைசியில் சண்டை. நெட் கபேக்களில் மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து ஒரு ஆங்கிலக் கட்டுரையை இறக்கிக்கொண்டு வந்தால் அது முழு பேட்சுக்கும் சொத்து.

ஆங்கிலம் என்றதும் நிற்கவேண்டியிருக்கிறது. தமிழ்மூலம் படிக்கிற கலைப்பீட மாணவருக்கு உசாத்துணைப் பட்டியலில் பாதி ஆங்கிலத்தில் இருக்கும். 2011இல் கூகிள் மொழிபெயர்ப்பில் தமிழ் வந்தபோது அது செய்த மொழிபெயர்ப்புகள் பகிடிக்குத்தான் உதவின. இப்போது அப்படி இல்லை. ஒரு ஆங்கிலப் பந்தியை ஒட்டி, தமிழில் சுருக்கிக் கேட்டால் சுமாராய் விளங்கக்கூடியதாய் வருகிறது. இதை ஏமாற்று என்று சொல்கிற லெக்சரர்மாரும் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கட்டுரையை வாசிக்காமலே விடைத்தாளில் ஆசிரியர் பெயரை மட்டும் எழுதிவிட்டு வந்த பழைய முறைக்கு இது எவ்வளவோ மேல்.

கருவி கையில் இருப்பதும் அது வேலை செய்வதும் ஒன்றல்ல என்பதை எங்களுக்குப் படிப்பித்தது 2018உம் 2019உம். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு கிழமையளவு தடுக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. குண்டு வைத்தவர்களின் தலைவன் எங்கட ஊரைச் சேர்ந்தவன். அன்றைக்கே சமூக ஊடகங்கள் நிறுத்தப்பட்டன, ஏப்ரல் கடைசி வரை. நோட்ஸ் எல்லாம் வட்ஸ்அப் குழுக்களில் இருந்தது. விபிஎன் போட்டால் எடுக்கலாம். ஆனால் அந்த நாட்களில் காத்தான்குடியில் யாரும் நோட்ஸ் தேடிக்கொண்டிருக்கவில்லை. வீடு வீடாய்ச் சோதனை. அரபு எழுத்து உள்ள எந்தப் புத்தகத்தையும் பார்த்துப் பயம். மூத்தம்மாவின் அரபுத்தமிழ்க் கிதாபும் சோதனைக்கு வருகிறவரின் கண்ணுக்கு அரபுதான். ஒளித்தவர்களும் உண்டு, எரித்தவர்களும் உண்டு. போனில் கிடந்த பாடப் பிடிஎப்புகளைக் கூட, அட்டையில் அரபு இருந்ததற்காக அழித்தவர்களை எங்களுக்குத் தெரியும். இஸ்லாமிய கற்கை படிக்கிறவர்கள், அவர்களுக்கு அது பாடப்புத்தகம்.

அந்தப் பயம் வெறும் கற்பனையில்லை. மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், 'நவரசம்' என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்புக்காக 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானார். தொகுப்பில் தீவிரவாதத்துக்கு எதிரான கவிதைகளும் இருந்தன. 2021 டிசெம்பரில்தான் பிணை. 2023 டிசெம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் விடுதலை செய்தது. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு பின்னேரத்தில் வாசித்து முடிக்கக்கூடிய ஒரு புத்தகத்துக்கு மூன்றரை வருடம். எழுத்து யாருக்கு வாசிக்கத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை என்பது எழுத்துரு பற்றின கேள்வி மட்டும் இல்லை.

2020 மார்ச்சில் கொவிட் வந்து கம்பஸ்கள் மூடப்பட்டன. இலங்கைக் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் மூலம் பல்கலைக்கழகங்களுக்கு ஸூம் வந்தது. பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டா கழியாது என்று தொலைபேசிக் கம்பனிகளோடு ஏற்பாடும் நடந்தது. அது நல்ல வேலை, அதை மறைக்கத் தேவையில்லை. மாணவர்களில் ஏறத்தாழ 90 வீதமானவர்களுக்கு இணையவழிக் கல்வி எட்டியது என்று ஆசிய அபிவிருத்தி வங்கி அந்த வருடமே எழுதியது. மிச்சப் பத்து வீதத்தை எங்களுக்கு முகம் முகமாய்த் தெரியும். வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள், மூன்று பேருக்கும் காலை எட்டரைக்கு வகுப்பு.

காத்தான்குடியின் வீடுகளைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒழுங்கைக்குள் ஒழுங்கை, சுவரோடு சுவர். ஒரு வீட்டு ஸூம் வகுப்பு அடுத்த வீட்டுக் குசினிக்குக் கேட்கும். ஒரு நாள் வரலாற்றுப் பாட வகுப்பில் பிரித்தானியர் காலக் காணிச் சட்டம் போய்க்கொண்டிருந்தது. மைக் திறந்து கிடந்த யாரோ ஒருவருடைய பக்கத்திலிருந்து மீன்காரரோடு விலை பேசுகிற சத்தம். சேரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

ஆனால் அந்த வருடத்தில்தான் குப்பியில் ஒரு பெரிய மாற்றம் நடந்தது. எந்த அறிக்கையிலும் நாங்கள் அதைப் பார்க்கவில்லை. கலைப்பீடங்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. குப்பி நடப்பது இரவில், பெரும்பாலும் பொடியன்மாரின் போர்டிங்கில், அல்லது மஃரிபுக்குப் பிறகு கம்பஸில் எங்காவது ஒரு மூலையில். ஊரிலிருந்து வந்து போகிற பெண் பிள்ளை அந்த நேரத்துக்கு வீட்டில் நிற்க வேண்டும். ஆக, பேட்ச்சில் கூடப் புள்ளி எடுக்கிறவர்களுக்கே குப்பியில் இடமில்லாத வேடிக்கை பல வருடம் நடந்தது. ஸூம் வந்து அதை உடைத்தது. கமரா மூடி, மைக் திறந்து, இரவு பத்து மணிக்கு எங்கட ராத்தாமார் குப்பி எடுக்கத் தொடங்கினார்கள். வாப்பாமார் வாசல் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பஸ் திரும்பத் திறந்த பிறகும் சில பேட்ச்சுகளில் அந்த இரவுக் குப்பி நிற்கவில்லை. சில பேட்ச்சுகளில் பழையபடி போர்டிங்குக்குத் திரும்பிவிட்டது. அப்படித் திரும்பினது எங்களுக்குச் சரியாய்ப் படவில்லை.

பிறகு 2022. மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் மின்வெட்டு. பேப்பர் இல்லை, போட்டோக்கொப்பிக் கடைகள் ஒரு பக்கத்துக்குச் சொன்ன விலையைக் கேட்டுத் திரும்பி வந்தோம். பெற்றோல் இல்லாமல் வகுப்புகள் மறுபடி ஸூமுக்குப் போயின. ஸூமுக்குக் கரண்ட் இல்லை. குப்பி விளக்கை மறுபடி எடுக்கலாம் என்றால் மண்ணெண்ணெய்க்கும் கியூ. அந்த மாதங்களில் சேர்ந்து படித்தவர்கள் போன் டோர்ச்சின் மேல் தண்ணீர்ப் போத்தலை வைத்து வெளிச்சத்தைப் பரப்பிக்கொண்டு படித்தார்கள். போத்தல் மட்டும் பழையபடி வந்து சேர்ந்தது.

அந்த வருடக் கடைசியில், 2022 நவம்பர் 30ஆம் திகதி, சட்ஜிபிடி வெளியானது. இன்றைக்குக் குப்பிக்கு ஆள் குறைவதற்குப் பெரிய காரணம் அதுதான் என்று தோன்றுகிறது. இரவு இரண்டு மணிக்கும் பதில் சொல்லும், ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் கோபிக்காது. குப்பி எடுக்கிற சீனியரை விடப் பொறுமைசாலி. நாங்களும் பாவிக்கிறோம், பாவிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். 'காத்தான்குடி' என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 12. இணையத்தில் சாதாரணமாய்ப் பாவிக்கிற முறையில் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட், மொத்தம் 36. அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 10 எழுத்து, 10 பைட். இந்த இயந்திரங்கள் எழுத்தைத் துண்டு துண்டாய் வெட்டித்தான் விழுங்குகின்றன. தமிழ் கூடுதலான துண்டாய் உடைகிறது, கூடுதலாய்ச் செலவாகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், கம்பனிகள் மெல்ல மெல்லச் சரிசெய்கின்றன. பெரிய பிரச்சினை இயந்திரம் எதை வாசித்து வளர்ந்தது என்பது. காத்தான்குடியைப் பற்றி அதனிடம் கேட்டுப் பார்த்தோம். திரும்பத் திரும்ப இரண்டு திகதியில் வந்து நிற்கிறது: 1990 ஓகஸ்ட் 3, 2019 ஏப்ரல் 21. ஒன்றில் செத்தோம், மற்றதில் கொன்றோம். இரண்டும் நடந்தவை, மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் நெசவும் வியாபாரமும் ஆலிம்களும் கவிஞர்களும் கொண்ட ஒரு ஊருக்கு இரண்டு திகதி மட்டுந்தானா? ஆங்கில இணையத்தில் எங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டது அந்த இரண்டைப் பற்றி மட்டுந்தான் என்பதால் இயந்திரத்துக்கும் அவ்வளவுதான் தெரிகிறது. கொஞ்சம் அழுத்திக் கேட்டால் இல்லாத ஒரு அறிஞரை உருவாக்கி, பிறந்த வருடமும் போட்டுத் தருகிறது. அதை எசைன்மன்டில் எழுதிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

மிச்சக் கதை இல்லாமல் போகவில்லை, இருக்கிறது. பாடசாலை மலர்களில், பள்ளிவாசல் சிறப்பிதழ்களில், ஊர் வரலாற்று நூல்களில், கலைப்பீட மாணவர்கள் வருடா வருடம் எழுதிக் கொடுத்த ஆய்வுக்கட்டுரைகளில். நாட்டார் பாடல், மீன்பிடி, நெசவு, குடி வழமை, பெண்களின் சேமிப்புச் சீட்டு என்று தங்கட ஊரைப் பற்றித்தான் எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலானவை அச்சுப் பிரதியாய் அலுமாரியில் இருக்கின்றன. கூட ஒரு சிடி இருக்கும், அதற்குள் பாமினி. நூலகத்தில் ஏறினவையும் வருடின படங்கள்தான். பக்கத்தின் போட்டோவை மனிதர் வாசிக்கலாம், உள்ளே இருக்கிற ஒரு பெயரைத் தேடிப் பிடிக்க முடியாது. எங்களைப் பற்றி எங்கட ஆட்கள் எழுதினதெல்லாம் இயந்திரம் வாசிக்காத பக்கத்திலும், எங்களைப் பற்றி மற்றவர்கள் எழுதினது வாசிக்கிற பக்கத்திலும் கிடக்கிறது.

படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற கருவிகள் இப்போது தமிழுக்கும் இருக்கின்றன, கூகிள் டிரைவிலேயே செய்யலாம். புதிய அச்சென்றால் ஓரளவு சரியாய் வருகிறது. பழைய அச்சில் தடக்குகிறது. பழைய 'லை', 'ணை', 'னை' யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு சுழியோடு வரும். தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்த பிறகும் எங்கட பக்க அச்சகங்களில் அந்த வடிவம் கொஞ்சக் காலம் நின்றது. இயந்திரம் அதைப் பார்த்து என்னென்னவோ எழுதுகிறது. ஊர்ப் பேச்சுச் சொற்களையும் அரபுச் சொற்களையும் கண்டால் தனக்குத் தெரிந்த ஏதாவது சொல்லாய் 'திருத்தி' விடுகிறது. அதற்கு ஆள் வேண்டும், வாசிக்கிற கண் வேண்டும்.

எங்களில் ஆறு ஏழு பேர் வெள்ளிக்கிழமைகளில் இஷாவுக்குப் பிறகு ஸூமில் கூடி அதைச் செய்கிறோம். வந்தாறுமூலையில் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், ஒலுவிலில் படிக்கிறவர்களும் இருக்கிறார்கள், தமிழ் நண்பர்கள் இரண்டு பேரும். எழுதினவரிடம் அனுமதி கேட்டு, அவருடைய ஆய்வுக்கட்டுரைச் சிடியை எடுத்து, பாமினியை மாற்றி, ஒரு ஆள் வாசிக்க மற்றவர் திருத்துகிறார். மாற்றியில் போட்டால் முடிந்துவிடும் என்றுதான் முதலில் நினைத்தோம். ஒவ்வொரு கடை அக்காவும் பாமினியில் தனக்கென்று சில குறுக்கு வழிகள் வைத்திருக்கிறார். ஒருவர் 'ஸ்ரீ'க்குப் பதில் வேறொரு குறி, இன்னொருவர் எண்களுக்கு வேறு எழுத்துரு. சிடிகள் சில திறக்கவே மறுக்கின்றன. சிடி போடுகிற இடம் உள்ள மடிக்கணினி எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான் இருக்கிறது.

இப்போது கையில் இருப்பது நெசவு பற்றின ஒரு ஆய்வுக்கட்டுரை. தறியின் உறுப்புகளுக்கு ஊரில் சொல்கிற பெயர்கள் ஒரு அட்டவணையாய் இருக்கின்றன. மாற்றியதில் அந்த அட்டவணைதான் குழம்பிப் போனது. நாலு சொல் எங்கள் யாருக்கும் விளங்கவில்லை, எழுத்துப் பிழையா, உண்மையான சொல்லா என்றும் தெரியவில்லை. ஒரு நண்பியின் மூத்தம்மா சின்ன வயதில் தறியில் இருந்தவராம். வருகிற வெள்ளி அவரையும் ஸூமில் இருத்துவதாய்ச் சொல்லியிருக்கிறார், அல்லது நாங்களே மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அவருடைய வீட்டுக்குப் போவோம்.